மகளை நேபாளத்துக்கு வாலண்டியர் டிரிப் அனுப்பலாமா? ஹோம்ஸ்டே, வயல் வேலை என்கிறார்கள்

தோப்புக்காரி | காவேரிப்பட்டணம்

வணக்கம். மகளுக்கு 16 வயது, ப்ளஸ் ஒன். ஓசூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கூடப் படிக்கும் பெண் வழியாக ஒரு நோட்டீஸ் வந்தது. பெங்களூரில் இருக்கிற ஓர் ஏஜென்சி கோடை லீவில் பதினைந்திலிருந்து பதினெட்டு வயதுப் பிள்ளைகளை நேபாளத்துக்கு அழைத்துப் போகிறதாம். இரண்டு வாரம். மலைக்கிராமத்தில் ஒரு வீட்டில் தங்க வேண்டும். காலையில் அந்த வீட்டாரோடு வயல் வேலை, மதியம் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் பூசுவது, கடைசியில் பொக்காரா சுற்றிப் பார்ப்பது. ஆளுக்கு ஒன்றே கால் லட்சம், விமான டிக்கெட் தனி. முடித்தால் சர்டிஃபிகேட்.

வீட்டுக்காரர் நோட்டீஸைப் படித்துவிட்டு, "நம்ம தோப்புல மாங்கா அறுக்க ஆள் கிடைக்காம நாயா அலையறேன். இவ காசு கட்டி அடுத்தவன் காட்டுல வேலை செய்யப் போறாளா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மனசு ஒப்பவில்லை. அவள் எதையும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. யாராவது பிள்ளைகளை இப்படி அனுப்பியிருக்கிறீர்களா? பெண் பிள்ளை, தெரியாத வீடு, அதுதான் முதல் கவலை. காசு அப்புறம்.

ராயக்கோட்டை தக்காளி

அக்கா, அண்ணன் கேட்டதில் என்ன தப்பு? ஒன்றே கால் லட்சமெல்லாம் வேண்டாம், ஆயிரம் ரூபாய் கொடுங்கள், விடியற்காலையில் ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்ற விடுகிறேன். தங்க என் வீடு, சாப்பிடக் களி. சர்டிஃபிகேட்டும் அடித்துத் தருகிறேன்.

விளையாட்டு இருக்கட்டும். பழக்கமில்லாத பிள்ளைகள் பத்துப் பேர் வயலில் இறங்கினால் வேலை கூடுமா குறையுமா என்று எந்த விவசாயியையும் கேட்டுப் பாருங்கள். ஒருமுறை காலேஜ் பிள்ளைகள் என் காட்டுக்கு வந்து தக்காளி நாற்று நட்டார்கள். அவர்களுக்குத் தண்ணி எடுத்துக் கொடுக்கவே ஓர் ஆள் போட வேண்டியிருந்தது.

டிக்கெட் கவுண்டர் | தர்மபுரி

நான் டிராவல்ஸ் நடத்துகிறவன். இந்த ஏஜென்சி யாரென்று எனக்குத் தெரியாது, அதனால் தொழில் விஷயம் மட்டும் சொல்கிறேன்.

காசில்லாமல் பண்ணையில் வேலை செய்து சாப்பாடும் படுக்கையும் பெறுகிற ஏற்பாடு உலகத்தில் ரொம்ப நாளாக இருக்கிறது. வூஃப் என்பார்கள். 1971-ல் இங்கிலாந்தில் சூ கோப்பார்டு என்ற பெண்மணி ஆரம்பித்தது. லண்டனில் செக்ரட்டரியாக வேலை பார்த்தவர். வார இறுதியில் கிராமத்துக்குப் போக வழியில்லாதவர்களை இயற்கை விவசாயப் பண்ணைக்கு அனுப்பலாமே என்று சஸ்ஸெக்ஸில் ஒரு பண்ணையில் தொடங்கினார். இன்று பல நாடுகளில் நடக்கிறது. நாளைக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் வேலை, கைமாறாகத் தங்கலும் சாப்பாடும், பணம் கைமாறாது. ஆனால் பெரும்பாலான நாடுகளில் 18 வயது முடிந்திருக்க வேண்டும். இதே மாதிரி இடம் தேடித் தரும் வொர்க்அவே என்ற இணையதளமும் அப்படித்தான், அதற்குக் கீழே என்றால் பெற்றோரோடு வர வேண்டும்.

அதாவது உங்கள் மகள் வயதில் அந்தக் கதவெல்லாம் மூடியிருக்கிறது. அந்த வயதுக்கு மிச்சமிருப்பது இந்த மாதிரி காசு கட்டிப் போகிற பேக்கேஜ்தான். இதைத் தொண்டு என்று நினைக்காமல், கூடவே ஆள் வரும் ஒரு டூர் என்று நினைத்துக் கணக்குப் பாருங்கள், குழப்பம் பாதி தீரும். டூர் என்றால் ஏமாற்று என்று அர்த்தமில்லை. ஒகேனக்கல்லுக்குப் போகிறவன் தொண்டு செய்யவா போகிறான்?

நேபாளத்துக்கு நமக்கு விசா கிடையாது. ஆனால் ஆதார் கார்டை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். 15 வயதுக்குக் கீழேயும் 65-க்கு மேலேயும்தான் ஆதார் செல்லும். 15 முதல் 18 வரை உள்ள மாணவர்கள் பள்ளித் தலைமையாசிரியர் குறிப்பிட்ட படிவத்தில் தரும் அடையாளச் சான்றோடு போகலாம். என்னைக் கேட்டால் பாஸ்போர்ட்டே எடுத்துவிடுங்கள்.

தளி ரோஜா

நான் காலேஜ் படிக்கும்போது நேபாளத்தில் ஒரு மலைக்கிராமத்து ஹோம்ஸ்டேயில் தங்கியிருக்கிறேன், எங்கள் துறைப் பிள்ளைகளோடு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன் அக்கா.

முதலில் சாப்பாடு, ஏனென்றால் நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கேதான் வாடுவார்கள். காலையில் டீயும் ஏதாவது கொறிக்கவும்தான். பத்து மணிவாக்கில் பருப்பும் சோறும், இரவு மறுபடியும் பருப்பும் சோறும். இரண்டாவது நாள் இரவு அந்த வீட்டு அம்மா டிண்டோ கிண்டினார். கேழ்வரகு மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டி, மரக் கரண்டியால் இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டுகிறார், புகை கண்ணைக் கரிக்கிறது. தட்டில் போட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் களியேதான்! விரலால் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவதுகூட அப்படியே. கூட வந்த சென்னைப் பிள்ளைகள் விழிக்க, நான் மட்டும் இரண்டாவது உருண்டை கேட்டேன். அந்த அம்மாவுக்கு அன்றிலிருந்து நான்தான் செல்லம்.

வேலை விஷயத்தில் தக்காளி அண்ணன் சொன்னது உண்மை. நாங்கள் போனது சோளம், அதாவது மக்காச்சோளம் கொத்துகிற பருவம். நாங்கள் கொத்திவிட்டு வந்த வரிசைகளுக்குச் சாயங்காலம் அந்த அம்மா தனியாகப் போய், சாய்ந்த பயிருக்கெல்லாம் மண் அணைத்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை மறுபடி எங்கள் கையில் களைக்கொத்தைக் கொடுத்தார். அவருக்கு எங்கள் வேலை தேவைப்படவில்லை, நாங்கள் தங்குவதற்கு வருகிற வாடகை தேவைப்பட்டது. மகன் கத்தாரில், மருமகள் காட்மாண்டுவில். வீட்டில் இரண்டு அறை காலி.

இன்னொன்று. நடவு பார்க்கலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தால் நம்பாதீர்கள். அங்கே நெல் நடவு ஆஷாட மாதம், ஜூன் கடைசி. நம் பள்ளிக்கூட லீவு ஏப்ரல், மே. அப்போது கோதுமை அறுப்பும் மக்காச்சோளமும்தான்.

அரூர் வாத்தியார்

ரோஜா சொன்ன அந்த வாடகைதான் மையமான விஷயம். ஒன்றே கால் லட்சத்தில் அந்த வீட்டுக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு போகிறது? ஏஜென்சியிடம் நேராகக் கேளுங்கள். நல்லவர்களாக இருந்தால் சொல்வார்கள். நேபாளத்தில் ஹோம்ஸ்டே ஒழுங்காக நடக்கிற ஊர்கள் உண்டு. ஸ்யாங்ஜா மாவட்டத்துச் சிருபாரியில் 1997-லிருந்து நடத்துகிறார்கள். எந்த விருந்தாளி எந்த வீட்டுக்கு என்பதை ஊர்க் கமிட்டி முறை வைத்துப் பிரிக்கும், ஒரே வீட்டுக்காரர் கொழுக்க முடியாது. 2010-ல் அரசே ஹோம்ஸ்டேக்கு விதிமுறை கொண்டுவந்தது. ஆகவே பதிவு செய்த வீடா, ஊர்க் கமிட்டி உண்டா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சுவர் பூசுவது பற்றி நான் பேசவே விரும்பவில்லை. எங்கள் பள்ளியில் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சுவர் பூசினால் நான் முதலில் கொத்தனாரைத்தான் தேடுவேன். நேபாளத்துக் கொத்தனாருக்கு அந்த நாள் கூலி போகிறதே.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நிகழ்ச்சி நிரலில் எங்காவது "அனாதை இல்லத்தில் குழந்தைகளோடு ஒரு நாள்" என்று இருந்தால் பணம் கட்டாதீர்கள். நேபாளத்தில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள். படிக்கவைக்கிறோம் என்று சொல்லி மலையிலிருந்து கூட்டி வந்து, வெளிநாட்டார் காசுக்குக் காட்சிப் பொருளாக வைக்கிற ஆட்கள் உண்டு. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு யுனிசெஃப் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. நம் பிள்ளை பாசத்தோடு பலூன் கொண்டுபோய்க் கொடுப்பதே அந்தத் தொழிலுக்கு முதலீடு.

சர்டிஃபிகேட் அமெரிக்கக் காலேஜுக்கு உதவும் என்று சொல்லியிருப்பார்களே? 2016-ல் ஹார்வர்டு கல்வியியல் பள்ளியிலிருந்து வந்த அறிக்கை ஒன்று, அட்மிஷனில் தூர தேசத்துக் குறுகிய கால சேவைப் பயணங்களைவிட, சொந்த ஊரில் ஒரு வருடமாவது தொடர்ந்து செய்த வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்றது. பல காலேஜ்களின் அட்மிஷன் பொறுப்பாளர்கள் அதை ஆதரித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

பென்னாகரத்தான்

எங்கள் அக்கா பையன் இதே மாதிரி ஒரு டிரிப் போனான், வேறு நாடு, வேறு ஏஜென்சி. ஹோம்ஸ்டே என்றார்கள். போய்ப் பார்த்தால் லாட்ஜ். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வேளை வந்து சோறு போட்டுவிட்டுப் போவார், அவ்வளவுதான் குடும்பம். பண்ணை வேலை என்று ஆட்டுக்குட்டியோடு போட்டோ. பையன் ஜாலியாகத்தான் இருந்தான், அதையும் சொல்ல வேண்டும். அக்காதான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ராயக்கோட்டை தக்காளி

வாத்தியாரே, எனக்கு ஒரு சந்தேகம். நம் ஊரில் 16 வயதுப் பிள்ளை காட்டு வேலைக்குப் போனால் படிப்பை விட்டுவிட்டான், குழந்தைத் தொழிலாளி என்று நீங்களே வீட்டுக்கு வந்து கூட்டிப் போவீர்கள். அதே வேலைக்குப் பணம் கட்டினால் பேர் வாலண்டியரா?

அரூர் வாத்தியார்

தக்காளிக்கு: கேள்வி நியாயம்தான். சட்டப்படி பார்த்தால் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14-க்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது, 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைக்கு வைக்கக் கூடாது. நான் தேடிப் போகிற பிள்ளை லீவு முடிந்தும் திரும்பி வராதவன். இந்தப் பிள்ளைகள் ஜூனில் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். வித்தியாசம் அங்கே இருக்கிறது, வேலையில் இல்லை.

தோப்புக்காரி மகள்

நான்தான் அந்தப் பெண். அம்மா போனில் இந்த இழையைக் காட்டினார்கள், எல்லாம் படித்தேன். புதுக் கணக்கு தொடங்கியிருக்கிறேன், பொறுப்பாளர் அண்ணா மன்னிக்கவும்.

எல்லோரும் "உங்க தோப்பிலேயே வேலை செய்யலாமே" என்கிறீர்கள். செய்ய விட்டால்தானே? பெங்களூரா மாங்காய் அறுப்பு நடக்கும்போது தொரட்டியைத் தொட்டால் "பால் தெறிச்சு மூஞ்சி வெந்து போயிடும், அப்புறம் எவன் கட்டுவான்" என்று பெரியப்பா கத்துவார். என் தம்பிக்கு வயது 13, அவன் டிராக்டர் ஓட்டுகிறான். நான் காம்பு கிள்ளிக் கவிழ்த்து வைத்த காய்களை எண்ணலாம், வேலைக்காரர்களுக்கு டீ கொண்டுபோகலாம். மண்டிக்கு ஒரு நாளும் கூட்டிப் போனதில்லை. 2025-ல் விலை விழுந்து மரத்தடியிலேயே கொட்டினார்களே, அன்றைக்கு என்ன கணக்கு என்று கேட்டதற்கு "போய்ப் படி" என்றார்கள்.

அங்கே போனால் நான் யாருடைய பெண்ணும் இல்லை. கொத்தைக் கையில் கொடுப்பார்கள். கெடுத்தால் அந்த அம்மா திருத்துவார், ரோஜா அக்கா சொன்ன மாதிரி. யாரையும் காப்பாற்றப் போவதாக நான் நினைக்கவில்லை. சர்டிஃபிகேட்டும் வேண்டாம். வேறொரு வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒன்றே கால் லட்சம் அதிகம் என்றால் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ராயக்கோட்டை தக்காளி

சபாஷ். பாப்பா, தொரட்டி பிடிக்க ஆசை என்றால் ராயக்கோட்டைக்கு வா, எங்கள் வீட்டில் பெண்கள்தான் அறுக்கிறார்கள். பெரியப்பாவை நான் பேசிக்கொள்கிறேன்.

பொறுப்பாளர்

ஒருவருக்கு ஒரு கணக்கு என்பது விதி, மகளுக்குத் தனிக் கணக்கு சரிதான். 18 வயதுக்குக் கீழே என்பதால் யாரும் தனிச் செய்தி அனுப்ப வேண்டாம், பள்ளிப் பெயர் கேட்க வேண்டாம். பேச்சு இங்கேயே நடக்கட்டும்.

ஹாமில்டன் கிருஷ்ணகிரியான்

நியூசிலாந்திலிருந்து எழுதுகிறேன், பால் பண்ணை வேலை. பாப்பா 18 ஆனதும் இந்தப் பக்கம் வர நினைக்கலாம் என்பதால் இரண்டு விஷயம். "சம்பளம் வாங்கவில்லையே, டூரிஸ்ட் விசா போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இங்கே தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் கைமாறாகச் செய்வதும் வேலைதான், வேலை விசா வேண்டும். பிரிட்டனில் சுற்றுலா விசாவில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்கு 30 நாள் வரைதான் தன்னார்வ வேலை செய்யலாம், பண்ணை அதில் வராது. ஆஸ்திரேலியா 2024-லிருந்து 18 முதல் 30 வயது இந்தியர்களுக்கு வொர்க் அண்ட் ஹாலிடே விசா தருகிறது, வருடத்துக்கு ஆயிரம் பேர், குலுக்கல் முறை. அதில் போனால் பழம் பறிக்கச் சம்பளமே கிடைக்கும்.

அப்புறம் ஷூ. தோப்பு மண் ஒட்டிய ஷூவைப் பெட்டியில் போட்டு ஆக்லாந்தில் இறங்கினால், படிவத்தில் எழுதாமல் விட்டதற்கு 400 டாலர் தண்டம். அம்மா கொடுத்தனுப்புகிற மாங்காய் ஊறுகாயையும் எழுதிக் காட்டுங்கள்.

தளி ரோஜா

தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகு நான் போகலாம் கட்சி. ஆனால் அக்காவின் முதல் கவலைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வீட்டைப் பற்றிக் கேளுங்கள், நாட்டைப் பற்றி அல்ல. அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஆண்கள் எத்தனை பேர், அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா, கழிவறை வீட்டுக்குள்ளா வெளியிலா, ஒரு வீட்டில் எத்தனை பெண் பிள்ளைகளைச் சேர்த்து வைப்பார்கள். தனியாக ஒரு பிள்ளையை ஒரு வீட்டில் விட மாட்டார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். கூட வரும் பெண் பொறுப்பாளர் அதே ஊரில் இரவு தங்குவாரா அல்லது டவுனில் ஹோட்டலிலா? பக்கத்து ஆஸ்பத்திரி ஜீப்பில் எவ்வளவு நேரம்? கொத்து, அரிவாள் புழங்கப் போகிறாள், டெட்டனஸ் ஊசி போட்டு அனுப்புங்கள். மாதவிடாய் பற்றியும் கேளுங்கள். அந்த நாட்களில் அடுப்படிக்கோ பூஜை அறைக்கோ வரக் கூடாது என்கிற வீடுகள் அங்கேயும் உண்டு. முன்னாடியே தெரிந்தால் பிள்ளை மனசு நோகாது.

கடைசியாக, போவதற்கு முன் அந்த வீட்டு அம்மாவோடு ஒருமுறை வீடியோவில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். நிஜமான ஹோம்ஸ்டே என்றால் பேசவைப்பார்கள்.

அரூர் வாத்தியார்

மகளே, நீ சொன்னது சரி, வேறொரு வீடு என்பதுதான் சாரம். அப்படியானால் ஏஎஃப்எஸ் பற்றியும் தெரிந்துகொள். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்களில் தொடங்கி, 1947-லிருந்து மாணவர் பரிமாற்றம் நடத்துகிற அமைப்பு. இந்தியாவிலும் உண்டு. உன் வயதுப் பிள்ளைகள் ஒரு பருவமோ ஒரு வருடமோ வேறு நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி அங்கேயே பள்ளிக்குப் போவார்கள். வைத்துக்கொள்கிற குடும்பம் அதற்குக் காசு வாங்குவதில்லை. செலவு பெரியது, ஆனால் உதவித்தொகைகளும் உண்டு. அப்பா ஒப்புக்கொண்டால் வெளிநாட்டுப் பிள்ளை ஒன்றை உங்கள் வீட்டிலேயே தங்கவைக்கலாம்.

கிட்டே வேண்டுமென்றால் எங்கள் தாலுகாவில் சிட்டிலிங்கி. டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1990-களில் மலைவாழ் மக்களுக்காக ஆஸ்பத்திரி தொடங்கிய ஊர். இப்போது அங்கே இயற்கை விவசாயிகள் சங்கம் இருக்கிறது, லம்பாடிப் பெண்களின் பூத்தையல் இருக்கிறது. எல்லோரும் போட்டோ எடுக்க வருகிறார்கள் என்று அவர்களுக்கும் அலுப்பு உண்டு, அதனால் எழுதிக் கேட்டுவிட்டுப் போ. ஆரோவில் பக்கம் சாதனா ஃபாரஸ்ட் 2003-லிருந்து காடு வளர்க்கிறது, பல நாட்டு வாலண்டியர்கள் விடிகாலையில் மண்வெட்டியோடு நிற்பார்கள். அம்மாவோடு போய் ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம்.

தோப்புக்காரி

எல்லோருக்கும் நன்றி. ஏஜென்சிக்கு போன் போட்டேன். வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டதும் கொஞ்சம் இழுத்தார்கள், பிறகு மெயிலில் கணக்கு அனுப்பினார்கள். பாதிக்கு மேல் அவர்கள் ஆள், ஆபீஸ், வண்டிச் செலவு. வீட்டுக்குப் போவது நான் நினைத்ததைவிடக் கம்மி, ஆனால் ஒளிக்கவில்லை. அனாதை இல்லம் கிடையாது. சுவர் பூச்சை என் மகளுக்கு விட்டுவிடலாம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

நேற்று ராத்திரி வீடியோவில் அந்த வீட்டு அம்மா வந்தார். எனக்கு இந்தி சுத்தமாக வராது, மகள்தான் தட்டுத்தடுமாறிப் பேசினாள். அவர் கேட்ட முதல் கேள்வி, பிள்ளை எருமைக் கறி சாப்பிடுவாளா என்று. இரண்டாவது, குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா என்று. தாழ்ப்பாளைக் காட்டச் சொன்னேன், போனை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுத் திறந்து காட்டினார். அதற்குள் என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று, அவர்கள் மாட்டுக் கொட்டகையைக் காட்டச் சொல்லிக் கேட்டார். அரை மணி நேரம் மாடுதான்.

அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ பாடத்தை லீவிலேயே எடுக்க ஆரம்பிப்பார்களாம், இரண்டு வாரம் விடுவார்களா என்பது தனிச் சண்டை. ஆனால் பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரிக்கச் சொன்னார். டிக்கெட் கவுண்டர் அண்ணா, கொஞ்சம் சொல்லுங்கள்.

டிக்கெட் கவுண்டர் | தர்மபுரி

ஆன்லைனில் பதிவு செய்து தேதி எடுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், முகவரிக்குப் பெற்றோர் ஆவணம். அனெக்ஸர் டி என்ற படிவத்தில் நீங்களும் அண்ணனும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் அவர் சரி சொல்லாமல் வேலை நடக்காது. உங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் இருந்தால் பிள்ளைக்குப் போலீஸ் விசாரணை பெரும்பாலும் இருக்காது. 15 வயது தாண்டியதால் பத்து வருட பாஸ்போர்ட்டே கேட்கலாம், 18-ல் திரும்ப அலைய வேண்டாம். பெற்றோர் சம்மதக் கடிதம் ஒன்றை நோட்டரியிடம் போட்டுக் கையில் கொடுத்தனுப்புங்கள், ஏர்போர்ட்டில் கேட்டால் காட்டலாம். பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடித்தால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

பெயரில் இனிஷியலை விரித்து எழுதுங்கள். மற்ற எழுத்தெல்லாம் பத்தாவது மார்க்ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே. நம் பக்கம் பாதிப் பேர் அதில்தான் மாட்டுகிறார்கள்.